மே மாதத்தில் விற்கும் மூன்று மூட்டை: மலாவியின் பொருளாதாரத்தை நாட்காட்டியில் படிப்பது

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் மழைக்கு ஒரே பருவம்தான். நவம்பர் கடைசியில் பிடித்தால் ஏப்ரலோடு விட்டுவிடும். மக்காச்சோளம், புகையிலை, நிலக்கடலை, துவரை எல்லாமே அந்த ஐந்து மாத ஈரத்தை நம்பித்தான். அறுவடை எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் வரும். பணமும் அப்படித்தான், பசியும் அப்படித்தான். 2018 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆறில் ஐந்து பேர் கிராமத்தில் இருக்கிறார்கள், நிலத்தை வைத்தே பிழைக்கிறார்கள். அதனால் இந்த நாட்டின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் பணவீக்கம், வளர்ச்சி விகிதம் என்று போவதற்கு முன் ஒரு நாட்காட்டியை எதிரே வைத்துக்கொள்வது நல்லது. குடும்பமானாலும் அரசானாலும் மத்திய வங்கியானாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை விற்கிறார்கள், செப்டம்பர் முதல் மார்ச் வரை வாங்குகிறார்கள். விற்கும்போது விலை தாழ்ந்து கிடக்கும், வாங்கும்போது ஏறி நிற்கும். வயலில் ஏற்படும் இழப்பைவிட இந்த இடைவெளியில் போகும் பணம் அதிகம் என்பது இங்கே உழவர் குழுக்களோடு வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த இடைவெளியை எங்கெங்கே, எப்படிச் சுருக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு வீட்டின் கணக்கு. மக்காச்சோள மாவில் கிண்டும் என்சிமா என்ற களிதான் இங்கே இரண்டு வேளைச் சாப்பாடு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கிலோ மக்காச்சோளம் தேவை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 650 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 13 மூட்டை. ஒரு நாளைக்கு 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அரை ஹெக்டேரில் சுமாராக விளைந்த ஆண்டில் 10 மூட்டை வீட்டுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் பள்ளிக் கட்டணம், பழைய கடன், சோப்பு, உப்பு என்று 3 மூட்டை விற்கப்படும். மீதி 7 மூட்டை, 350 கிலோ. மே முதல் தேதியிலிருந்து எண்ணினால் நவம்பர் இரண்டாவது வாரத்தில் அது தீர்ந்துவிடும். அந்த மூன்றையும் விற்காமல் வைத்திருந்தால் பிப்ரவரி முதல் வாரம் வரை வரும். பிப்ரவரி பாதியில் பச்சைக் கதிர் ஒடிக்கத் தொடங்கிவிடலாம்.

வித்தியாசம் மூன்று மூட்டைதான், ஆனால் அது விழும் மாதங்களைப் பாருங்கள். நவம்பர் பாதி முதல் பிப்ரவரி வரைதான் நடவும் களையும் மேலுரமும். வீட்டில் தானியம் இல்லாதவர் அந்த மாதங்களில் கன்யு என்ற அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறார். பெரும்பாலும் அடுத்தவர் வயலில் களையெடுப்பு, கூலி ஒரு வாளி மக்காச்சோளம் அல்லது அன்றைய மாவுக்கான காசு. அவருடைய வயலில் களை இரண்டு வாரம் தாமதமாகும். களை எடுக்காத வயலில் யூரியா போட்டால் களைதான் தின்னும் என்று தெரிந்து மேலுரத்தையும் தள்ளிப்போடுவார். விளைச்சல் குறையும். அடுத்த மே மாதம் விற்கக்கூட மூன்று மூட்டை இருக்காது. வெளியிலிருந்து வருபவர்கள் இதை உழைப்புக் குறைவு என்று எடைபோட்டுவிடுகிறார்கள். ஜனவரியில் ஒரு கிராமத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால், யார் தன் வயலுக்குப் போகிறார், யார் மண்வெட்டியோடு அடுத்தவர் வயலுக்குப் போகிறார் என்பதிலேயே அந்த ஆண்டு அறுவடை எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, அந்த மூன்று மூட்டையைக் காப்பாற்றுவது. மே மாதப் பணத்தேவைக்கு வேறு வழி வேண்டும். நிலக்கடலை, சோயா, ஒரு ஆடு, எது இருந்தாலும் மக்காச்சோளத்துக்கு முன் அதை விற்பது நல்லது. பள்ளிக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதும் பயன் தருகிறது. குழு சேர்ந்து போய்க் கேட்டால் தலைமை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வது உண்டு.

இரண்டாவது, வைத்திருப்பது கெடாமல் இருக்க வேண்டும். சேமிப்பில் பயம் இருப்பதால்தான் பலர் மே மாதமே விற்கிறார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 1990களில் இந்தப் பகுதியில் பரவிய பெரிய தானியத் துளைப்பான் வண்டு ஆறு மாதத்தில் ஒரு தானியக் களஞ்சியத்தையே மாவாக்கிவிடும். நாட்டு ரகத்தின் மணி கடினமாக இருப்பதால் ஓரளவு தாங்கும். ஒட்டு ரகங்களில் பல மென்மையான மணி உள்ளவை, அதிகம் விளைந்து சீக்கிரம் உளுக்கும். கிராமத்துப் பெண்கள் நாட்டு ரகத்தை விடாமல் ஒரு மூலையில் விதைப்பதற்கு இதுவும் உரலில் அதிக மாவு தருவதும்தான் காரணம். அதைப் பிற்போக்கு என்று நினைத்த ஆராய்ச்சியாளர்கள் பிறகு 1990இல் கடின மணி கொண்ட எம்எச் 17, எம்எச் 18 ஒட்டு ரகங்களை வெளியிட வேண்டி வந்தது.

இப்போது நன்றாகப் பயன்படுவது பிக்ஸ் எனப்படும் மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் பை, வெளியே சாதாரண நெய்த சாக்கு. காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டு மிச்ச உயிர்வளியைத் தீர்த்துவிட்டு முடங்கிவிடும், மருந்து தேவையில்லை. இதில் நடக்கும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரிதான். ஈரத்தோடு போடுவது முதல் தவறு. ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வண்டு சாகும், பூஞ்சை வளரும். ஈரம் அளக்கக் கருவி வேண்டியதில்லை. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு தானியமும் இரண்டு மூன்று தேக்கரண்டி காய்ந்த உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் தானியம் இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்தாலும் இன்னொரு நாள் வெயில் காட்டிவிட்டே கட்டுவது பாதுகாப்பு, ஏனெனில் இந்தச் சோதனை 15 விழுக்காட்டுக்கு மேலான ஈரத்தைத்தான் தெளிவாகக் காட்டும்.

இரண்டாவது தவறு, மூன்று பைகளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவது. உள் பையை முதலில், காற்றை அழுத்தி வெளியேற்றி, முறுக்கி, மடித்து, கட்ட வேண்டும். பிறகு நடுப்பை. கடைசியாக சாக்கு. அதற்கு வாய்ப்பக்கம் ஒரு முழ நீளம் காலியாக விட்டிருக்க வேண்டும். தானியத்தை அள்ளி அள்ளி நிரப்பிவிட்டு முறுக்க இடமில்லாமல் தவிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கதிரோடு போடக் கூடாது, நுனி குத்திப் பை கிழியும். வாரம் ஒருமுறை திறந்து அள்ளுவதும் கூடாது, திறக்கத் திறக்கக் காற்று உள்ளே போய் வண்டுக்கு உயிர் வரும். ஜூலையில் தின்னும் தானியத்தைச் சாதாரணச் சாக்கில் வைத்துக்கொண்டு, நவம்பருக்கு மேல் தேவைப்படும் பைகளை மட்டும் இப்படிக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடி பயன்படுத்துமுன் பையை ஊதி அழுத்திப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அதை நடுப்பையாக்க முடியாது, சாக்குக்கு அடியில் விரிக்கத்தான் உதவும்.

உரத்துக்கு வருவோம். அரசின் பணமும் உழவரின் கவலையும் அதிகம் சேரும் இடம் இது. 2005–06இல் பிங்கு வா முத்தாரிகா அரசு மானிய உரத் திட்டத்தைத் தொடங்கியது. 2020இல் லாசரஸ் சக்வேரா அரசு வேறு பெயரில், இன்னும் விரிவாக அதைத் தொடர்ந்தது. சாரம் ஒன்றுதான்: ஒரு குடும்பத்துக்கு அடியுரம் ஒரு மூட்டை, யூரியா ஒரு மூட்டை, கொஞ்சம் விதை. அடியுரம் 23:21:0+4 கந்தகம்: தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் 23 விழுக்காடு, மணிச்சத்து 21, சாம்பல்சத்து இல்லை, கந்தகம் 4. பரிந்துரை ஹெக்டேருக்கு 92 கிலோ தழைச்சத்து. அது 100 கிலோ அடியுரத்திலிருந்து 23, 150 கிலோ யூரியாவிலிருந்து 69 என்று வரும். அந்த இரண்டு 50 கிலோ மானிய மூட்டைகளில் இருக்கும் தழைச்சத்து 11.5 + 23 = 34.5 கிலோ. பரிந்துரைப்படி போட்டால் 0.375 ஹெக்டேருக்குத்தான் வரும், ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இதைத் தெரியாமல் இரண்டு மூட்டையை இரண்டு ஏக்கரில் தூவுபவர்களும், உறவினரோடு பாதியாகப் பிரித்துக்கொள்பவர்களும் நிறைய. பிரித்துக்கொள்வது அந்த ஊர் உறவுமுறையில் தவிர்க்க முடியாதது. ஆனால் தன் பங்கை ஒரு துண்டு நிலத்தில் முழு அளவாகப் போட்டு, மீதியில் துவரையோ கடலையோ போடுவது நல்ல பலன் தருகிறது.

மக்காச்சோளம் நடும் பார்கள், அதாவது மண்மேடுகள், 75 செ.மீ. இடைவெளி, பார் மேல் 25 செ.மீ.க்கு ஒரு விதை. ஹெக்டேருக்கு 53,000 செடிக்கு மேல் வரும். பழைய வழக்கம் 90 செ.மீ. பார், 75 செ.மீ.க்கு மூன்று விதை. அதில் மூன்று செடியும் ஒரே குழியில் அடித்துக்கொள்ளும். புதிய இடைவெளியில் அடியுரம் செடிக்கு 2 கிராமுக்கும் குறைவு, இரண்டு செடிக்கு நடுவே ஒரே குழியில் வைத்தால் நான்கு கிராமுக்குள். சோடா பாட்டில் மூடியில்தான் அளக்கிறார்கள். மணி பெருத்த உரமும் பொடி உரமும் ஒரே மூடியில் வேறு வேறு எடை காட்டும், அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் முதலில் நூறு மூடி அளந்து எடை போட்டு, எவ்வளவு நிரப்புவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அடியுரம் நட்ட நாளிலோ முளைத்த ஒரு வாரத்துக்குள்ளோ. யூரியா மூன்று வாரத்தில், களை எடுத்த பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது, குழியில் வைத்து மூட வேண்டும். மூடாமல் மேலே விட்ட யூரியா வெயிலில் ஆவியாகப் போய்விடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கெடுப்பது தாமதம். மலாவிக்குக் கடல் இல்லை. உரம் மொசாம்பிக்கின் பெய்ராவிலோ நகாலாவிலோ, தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலோ இறங்கி, சாலையிலும் ரயிலிலும் வர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி ஆகஸ்டில் இழுபட்டால், டாலர் கிடைக்காமல் வங்கி உறுதிக்கடிதம் செப்டம்பரில் நின்றால், மூட்டை கிராமத்துக்கு ஜனவரியில்தான் வரும். ஜனவரி கடைசியில் கிடைக்கும் அடியுரத்தால் பயிருக்குப் பயனில்லை. மானியத்துக்காகக் காத்திருந்து நடவைத் தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய நட்டம். முதல் நல்ல மழையில் நட்டுவிட வேண்டும், உரம் வந்தாலும் வராவிட்டாலும்.

நாங்கள் குழுக்களிடம் விடாமல் சொல்வது இது: ஜூன், ஜூலையில் கையில் காசு இருக்கும்போது ஒரு மூட்டை உரமாவது சொந்தப் பணத்தில் வாங்கி வையுங்கள். யூரியாவை வாங்கும்போது கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். முழுதாகக் கரையும், கிண்ணம் சட்டென்று குளிரும். அடியில் மணல் போல் தங்கினால் வாங்காதீர்கள். மூட்டைத் தையல் பிரித்துத் தைத்த மாதிரி இருந்தால் எடை போட்டே வாங்குங்கள். வீட்டில் தரையில் வைக்காமல் கட்டை அடுக்கி, கூரை ஒழுகாத மூலையில், விதையிலிருந்து தள்ளி வையுங்கள். யூரியா காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும், பிரித்த மூட்டையை அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் கட்டியாகிவிடும்.

உரத்தை முன்கூட்டி வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நாட்டின் நாணயமான குவாச்சா. 2012 மே மாதம் ஜாய்ஸ் பண்டா அரசு குவாச்சாவின் மதிப்பைக் குறைத்து மிதக்க விட்டபோது டாலர் 167இலிருந்து 250 ஆனது. 2022 மே மாதம் மறுபடி ஒரு குறைப்பு. 2023 நவம்பர் 9 அன்று டாலர் ஒரே நாளில் 1,180இலிருந்து 1,700 குவாச்சா ஆனது. அடுத்த வாரமே பன்னாட்டு நாணய நிதியம் 17.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. பொருளாதாரக் காரணங்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தத் தேதியைப் பாருங்கள், நடவுக்கு இரண்டு வாரம் முன்பு. புகையிலை விற்றவர்கள் பணத்தை மே, ஜூனிலேயே குவாச்சாவாக வாங்கி வைத்திருந்தார்கள். கணக்குக்காக 200 டாலருக்கு ஒரு சிப்பம் விற்றதாக வையுங்கள். குறைப்புக்கு முன் இருந்த விகிதத்திலேயே மாற்றினாலும் 2,36,000 குவாச்சா. நவம்பர் 10 அன்று அதே குவாச்சாவுக்கு டாலரில் மதிப்பு 139க்கும் குறைவு. உரம் டாலரில் விலை பேசும் சரக்கு. பணமாக வைத்திருந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உரத்தை இழந்தார், ஜூலையில் உரமாக வாங்கி வைத்தவர் இழக்கவில்லை. ஆடு, தகரம், செங்கல் என்று எதையாவது வாங்கிப்போடும் கிராமத்துப் பழக்கத்தைச் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நாட்டுக்கும் இதே நாட்காட்டிதான். பல பத்தாண்டுகளாக ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு புகையிலை. ஏல மையங்கள் லிலோங்வேயின் கனெங்கோவிலும், லிம்பேயிலும், கசுங்குப் பக்கம் சின்கோமாவிலும், முசுசுவிலும் ஏப்ரல் வாக்கில் திறக்கின்றன. டாலர் வரத்து ஆகஸ்ட் வரை இருக்கும். பிறகு வற்றும். உரமும் எரிபொருளும் மருந்தும் இறக்க வேண்டியது சரியாக அந்த வற்றிய மாதங்களில். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீள்வதும், வெளிச்சந்தை டாலருக்கும் வங்கி டாலருக்கும் இடைவெளி விரிவதும் அப்போதுதான் அதிகம். இங்கே கடையோ தொழிற்சாலையோ நடத்துபவர்கள் உதிரி பாகமும் மூலப்பொருளும் மே முதல் ஜூலைக்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். வங்கியில் டாலருக்கு விண்ணப்பிப்பதும் அப்போதே. அக்டோபரில் விண்ணப்பித்தால் உர இறக்குமதியாளருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அப்படி நிற்பதுதான் முறையும்கூட.

புகையிலை உழவரின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது சிப்பத்தில் இருக்கிறது. முதல் குடியரசுத் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சியில் பர்லி ரகத்தைப் பயிரிடும் உரிமை பெரும் பண்ணைகளுக்கே இருந்தது, 1990களின் தொடக்கத்தில்தான் சிறு உழவருக்குத் திறந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் நாற்றங்கால், முதல் மழையில் நடவு, பூக்கும்போது நுனி கிள்ளி, பக்கக் கொழுந்து ஒடித்து, கீழிலை முதல் அறுவடை, கூரைக் கொட்டகையில் காற்றில் ஆறு முதல் எட்டு வாரம் மெல்ல உலர்த்திப் பதப்படுத்தல். வெயில் பட்டு வேகமாகக் காய்ந்தால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும். மழை நாளில் நெருக்கிக் கட்டினால் அழுகும். கொட்டகைக் கூரை முதல் மழைக்கு முன்பே வேயப்பட்டிருக்க வேண்டும், பிப்ரவரியில் புல் தேடினால் கிடைக்காது. பிறகு தண்டில் இருந்த இடம், நிறம் பார்த்துத் தரம் பிரித்து, சுமார் 100 கிலோ சிப்பமாக அழுத்துவது.

இங்கே பணத்தை அழிப்பவை இரண்டு. ஒன்று ஈரம்: எடை கூடும் என்று தண்ணீர் தெளித்துக் கட்டினால் சிப்பத்தின் நடுவில் பூஞ்சை பிடித்து நிராகரிக்கப்படும். இன்னொன்று நைலான் இழை. உரச் சாக்கைக் கிழித்து இலைக் கொத்தைக் கட்டினால் ஒரே ஒரு இழைக்காக முழுச் சிப்பமும் திரும்பும். சணல் மட்டும்தான், கட்டும் இடத்தில் உரச் சாக்கே இருக்கக் கூடாது. திரும்பிய சிப்பத்துக்கு வண்டிக்கூலி இரண்டு முறை. ஒப்பந்த முறையில் விற்பவர்கள் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்க வேண்டும்: விதை, உரக் கடன் டாலரில் எழுதப்பட்டதா குவாச்சாவிலா, என்ன விகிதத்தில் மாற்றுவார்கள், விற்ற பணத்தில் முதல் பிடித்தம் எது. குடும்பத்தில் பிள்ளைகள் இலை கட்டும் வேலையில் இருந்தால் அதுவும் இப்போது வணிகப் பிரச்சினை. 2019 நவம்பரில் கட்டாய உழைப்பு, சிறார் உழைப்புக் குற்றச்சாட்டை வைத்து அமெரிக்கச் சுங்கத்துறை மலாவிப் புகையிலையைத் துறைமுகத்திலேயே தடுத்தது. அதைச் சந்தைச் சூழ்ச்சி என்று ஒதுக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை கொட்டகையில் இருப்பது எந்தச் சந்தையிலும் சரியில்லை.

குழுச் சேமிப்புக்கும் நாட்காட்டி பார்க்க வேண்டும். பாங்கி ம்கோண்டே என்ற கிராமச் சேமிப்புக் குழுவில் பதினைந்து இருபது பேர் வாராவாரம் பங்கு வாங்குவார்கள், பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். கடன் வட்டி மாதம் 10 முதல் 20 விழுக்காடு. கேட்க அதிகம்தான், ஆனால் ஜனவரியில் ஒரு மூட்டை வாங்கி ஏப்ரலில் இரண்டு மூட்டையாகத் திருப்பும் கடபிலாக் கடனோடு ஒப்பிட்டால் இது உயிர் காக்கும். பல குழுக்கள் கிறிஸ்துமஸை ஒட்டிப் பங்கு பிரிக்கின்றன. அக்டோபர் கடைசியில் பிரித்தால் அதே பணம் விதையும் உரமும் ஆகும். பிரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே புதுக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பங்கு பிரிக்கும் நாளில் பெட்டியில் காகிதம்தான் இருக்கும்.

சற்று அதிகத் தானியம் உள்ள குழுக்கள் கிடங்கு ரசீது முறையில் வைத்து, அதன்மேல் கடன் வாங்கலாம். இதில் கண்மூடி இறங்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் மத்திய வங்கியின் கொள்கை வட்டியே 26 விழுக்காடானது. ஆண்டு வட்டி 30 என்று வைத்து, சரக்கின் மதிப்பில் 70 விழுக்காடு கடன் வாங்கினால், ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் சரக்கு மதிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல். கிடங்கு வாடகை, வண்டி, எடைக் குறைவு சேர்த்தால் விலை ஐந்தில் ஒரு பங்காவது ஏறினால்தான் கை கடிக்காது. பெரும்பாலான ஆண்டுகளில் அதைவிட நிறைய ஏறும். ஆனால் 2017 மாதிரி அமோக விளைச்சல் வந்து, ஏற்றுமதித் தடையும் இருந்தால் ஏறாது, இறங்கும். எனவே எல்லாவற்றையும் கிடங்கில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கை அறுவடையிலும், ஒரு பங்கை செப்டம்பரிலும், ஒரு பங்கை டிசம்பருக்கு மேலும் விற்பது நிம்மதியானது.

நாடு தன் தானியக் களஞ்சியத்தைத் தவறான மாதத்தில் காலி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001–02 இருக்கிறது. 1999இல் தேசிய உணவுக் கையிருப்பு முகமை அமைக்கப்பட்டது. கையிருப்பு கடனில் வாங்கப்பட்டது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது, பழைய தானியம் உளுத்துக்கொண்டிருந்தது. 60,000 டன்னுக்குள் குறைக்கலாம் என்ற ஆலோசனை வந்தது. கடைசியில் ஏறத்தாழ முழுவதும் 2001க்குள் விற்றுத் தீர்ந்தது. அந்த ஆண்டு விளைச்சல் மதிப்பீட்டில் கிழங்குகளின் அளவு மிகையாகக் காட்டப்பட்டிருந்ததால் பற்றாக்குறை தாமதமாகத்தான் தெரிந்தது. இறக்குமதி வருமுன் மக்காச்சோள விலை பல மடங்கு ஏறி, மக்கள் பட்டினியால் இறந்தார்கள். 2007இலும் அதிகாரபூர்வ விளைச்சல் 34 லட்சம் டன் என்று சொல்லி ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதி நடந்தது, 2008 தொடக்கத்தில் உள்ளூர் விலை ஏறியது. வேளாண் அமைச்சகம் மூன்று சுற்றாக விளைச்சலை மதிப்பிடுகிறது. அந்த எண்ணோடு உள்ளூர்ச் சந்தையில் ஜூன் மாத விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமோக விளைச்சல் என்று அறிவிப்பு வந்து, ஜூனிலேயே விலை இறங்காமல் நின்றால் தானியம் ஊரில் இல்லை. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென்பகுதி வயல்களை அறுவடைக்குச் சற்று முன் அடித்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு எல் நீன்யோ வறட்சியில் 28 மாவட்டங்களில் 23 பேரிடர்ப் பகுதிகள் ஆயின. இப்படி அடுத்தடுத்து வரும்போது வீட்டுக் குதிர் மட்டும் போதாது, அரசின் கையிருப்பு உண்மையாக இருக்க வேண்டும்.

கடைசியாகத் துவரை. நம் சாம்பாருக்கு நேரடித் தொடர்புள்ளது இது. தென் மலாவியில் முலாஞ்சே, பலோம்பே, சிராட்சுலு, மச்சிங்கா பகுதிகளில் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை போடுகிறார்கள், பெயர் நண்டோலோ. உரம் கேட்காது, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், மக்காச்சோளம் அறுத்த பிறகும் நின்று ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்க்கும். பசி மாதத்துக்கு முன் கைக்கு வரும் காசு. இரண்டு இடையூறு. வாடல் நோய்க்கு எதிர்ப்புள்ள கச்சாங்கு போன்ற ரகத்தைப் போடாவிட்டால் பூக்கும்போது செடி காய்ந்துவிடும். இன்னொன்று ஆடு: மக்காச்சோளம் அறுத்ததும் ஊர் ஆடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம். ஊர்த்தலைவர் செப்டம்பர் வரை ஆடு கட்ட வேண்டும் என்று விதி போட்ட ஊர்களில் மட்டும் நீண்டகால ரகம் தப்பிக்கிறது. விதி இல்லாத ஊரில் நடுத்தரக் கால ரகமே நல்லது.

இந்தப் பயிரின் விலை இந்தியாவில் முடிவாகிறது. 2015இல் இந்தியாவில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியதும் மலாவியிலும் மொசாம்பிக்கிலும் துவரைப் பரப்பு விரிந்தது. இந்தியாவில் விளைச்சல் மீண்டதும் 2017 ஆகஸ்ட் 5 அன்று ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு வந்தது. மலாவியில் அறுவடை நடந்துகொண்டிருந்த வாரம் அது. விலை சரிந்தது, பல வீடுகளில் மூட்டை மூட்டையாகத் துவரை வண்டுக்குப் போனது. 2021இல் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 50,000 டன் மலாவியிலிருந்து வாங்கிக்கொள்ளும் அரசுகளுக்கிடையிலான உடன்பாடும் அதே ஆண்டு வந்தது.

ஜூலையில் நல்ல விலை வந்தால் பாதியை அப்போதே கொடுத்துவிடுங்கள், டெல்லியிலிருந்து அறிவிப்பு வரும் மாதங்கள் அவை. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலையை ஊர் வியாபாரி தருவது அரிது. பத்து வீடு சேர்ந்து ஐந்து டன் ஒரே இடத்தில் வைத்து, குழுவின் சொந்தத் தராசில் எடை போட்டு, லிம்பேயில் இருக்கும் பருப்பு ஆலையிடம் நேரே விலை கேட்டால் ஊர் வியாபாரியும் விலையை ஏற்றிப் பேசுவார். வாளியால் அளப்பவரிடம் விற்க வேண்டாம், வாளியின் அடி எப்போதும் வெளிப்பக்கம் தட்டிப் பிதுங்கி இருக்கும். மீதிப் பாதியை, காயை உடைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அன்றே மூன்றடுக்குப் பையில் கட்டிவிட வேண்டும். துவரை வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டுவிடுகிறது, ஒரு வாரம் சாக்கில் கிடந்தாலே மணியில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்த துவரையை ஆலை எடுக்காது.